முகத்துவாரம், காலை ஒன்பது மணி

படத்தை எடுத்துப்போக வேன் பன்னிரண்டு மணிக்கு வரும் என்று சொல்லியிருக்கிறார்கள், இப்போது பத்து ஐந்து, அதற்குள் முருங்கைக்கீரையை உருவி முடித்துவிடலாம், சாதம் வைத்துவிடலாம், நூறு வார்த்தையும் எழுதிவிடலாம். நூறு வார்த்தைதான் முடியவில்லை. மூன்று நாளாக முடியவில்லை. கண்காட்சியை நடத்துகிற ரெஹானா நேற்று இரவே கேட்டாள், இன்று காலை எட்டரைக்கு மறுபடி கேட்டாள், "மேடம், மத்த பதினாலு படத்துக்கும் வந்துடுச்சு, இது ஒண்ணுதான் பாக்கி, இதுதான் கண்காட்சியோட முகப்புப் படமே. அர்த்தமும் பின்னணியும் நூறு வார்த்தைக்குள்ள இருந்தா போதும். உங்களுக்குக் கஷ்டமா இருந்தா நான் ஒண்ணு எழுதி அனுப்பறேன், சரின்னு மட்டும் சொல்லுங்க." எழுதி அனுப்பியும் விட்டாள். கெட்டிக்காரப் பெண். கைப்பேசியில் இருக்கிறது: 'ஓவியர் சுகிர்தா ஜெயசீலனின் புகழ்பெற்ற இந்த நிலக்காட்சியில் நீர் என்பது அமைதியின் குறியீடு. மனித நடமாட்டமற்ற ஒரு காலைப்பொழுதில் ஒளியும் நீரும் மட்டுமே உரையாடுகின்றன.' மனித நடமாட்டமற்ற. அந்த இடத்தில் நின்றுவிடுகிறேன். ஒவ்வொரு முறையும் அதே இடம். கீரைக் காம்பில் விரல் நிற்கிறது, பிறகு நகர்கிறது. இலைகள் தட்டில் விழுகின்றன. பழுத்த இலை ஒன்று, அதைத் தள்ளிப் போடு. சரி என்று மட்டும் எழுதினால் போதும், இரண்டே எழுத்து. அனுப்பிவிட்டால் அவள் நிம்மதியாக இருப்பாள், நானும் சாதம் வைக்கப் போகலாம்.

படம் எதிர்ச் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறது. ஆணியிலிருந்து நேற்றே இறக்கிவிட்டேன். தரையில் இருக்கும்போது வேறு மாதிரி தெரிகிறது, சின்னதாக. மூன்றடிக்கு இரண்டடிதான். முழுக்கத் தண்ணீர். வானம் கிடையாது, கரை கிடையாது, மேலே இருந்து கீழ்வரை தூரிகையின் குறுக்குப் பட்டைகள், நீலம், சாம்பல், மஞ்சள் கலந்த வெள்ளை, கொஞ்சம் பச்சை. கிட்டப் போனால் வெறும் சாயக்கட்டிகள். பத்தடி தள்ளி நின்றால் தண்ணீர் நகரும். அந்த நகர்வுக்காகத்தான் பரிசு கொடுத்தார்கள். நடுவில் இருந்து சற்று வலப்பக்கம் கறுப்பில் மூன்று கீற்று. ஒன்று படுக்கையாக, நீளமாக. மற்ற இரண்டும் நிமிர்ந்து நிற்பவை, சின்னவை. அதற்குப் பக்கத்தில் ஒரு துளி அரக்குச் சிவப்பு. அந்தச் சிவப்பைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். கல்லூரியில் பாடம் எடுத்த இருபது வருடமும் மாணவர்களிடம் நானே சொல்லியிருக்கிறேன், "இந்தச் சிவப்பு அங்கே கிடையாது. நான் வெச்சேன். இவ்வளவு நீலத்துக்கு நடுவுல கண்ணுக்கு ஒரு ஆதாரம் வேணும், அதுக்காக வெச்சேன். பார்த்ததை மட்டும் வரையாதீங்க, படத்துக்கு என்ன தேவையோ அதையும் வரைங்க." நோட்டில் எழுதிக்கொள்வார்கள். சிவப்பைப் பற்றிச் சொல்லும்போது எனக்குக் குரல் நடுங்கியதில்லை. கறுப்பைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்டால் மரக்கம்பு என்று சொல்லலாம் என வைத்திருந்தேன். வலை கட்டும் கம்பு. பழவேற்காட்டில் அது தண்ணீருக்கு நடுவே நிற்கும்.

படம் வரைந்தது தொண்ணூற்றேழு ஜனவரி. எனக்கு முப்பத்து நான்கு வயது. மகளை அக்கா வீட்டில் விட்டுவிட்டு, கல்யாணமாகி ஏழு வருடத்தில் முதல்முறையாகத் தனியாக ஒரு நாள் வரையப் போனேன். விடியற்காலை ரயிலில் பொன்னேரி, அங்கிருந்து பஸ். மடக்கு ஈஸல், கறுப்புக் குடை, பிளாஸ்கில் டீ. கணவர் ஜெயசீலன்தான் ஸ்டேஷன்வரை ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டார். "சாயங்காலத்துக்குள்ள வந்துடு, வெயில்ல நிக்காதே" என்றார். கடலும் ஏரியும் சேர்கிற முகத்துவாரத்துக்கு எதிரே, ஏரிக்கரையில், மணல்மேட்டில் குடையை நட்டு உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் ஒன்றும் வரவில்லை. தண்ணீர் தண்ணீராகத்தான் இருந்தது, எந்தப் பக்கம் தொட்டாலும் அஞ்சலட்டைப் படம்போல வந்தது. ஒன்பது மணி சுமாருக்கு வெளிச்சம் மாறியது. எப்படி என்று சொல்லத் தெரியவில்லை. தண்ணீரின் மேல்தோல் உடைந்து துண்டு துண்டாக மின்னியது, ஒவ்வொரு துண்டும் ஒரு நிறம். அதற்குப் பிறகு நாற்பது நிமிடம். என் வாழ்க்கையில் அப்படி ஒரு நாற்பது நிமிடம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. தலையைத் தூக்குவேன், பார்ப்பேன், குனிவேன், ஒரு பட்டை. தூக்குவேன், பார்ப்பேன், குனிவேன். பொருள் எதுவும் தெரியவில்லை. அப்படித்தான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள், பெயரை மறந்துவிட்டுப் பார், மரத்தை மரம் என்று பார்க்காதே, வெறும் நிறமாகப் பார், இருட்டு எங்கே வெளிச்சம் எங்கே என்று மட்டும் பார். நல்ல மாணவி நான். வலப்பக்கம் இருட்டாக ஒன்று அசைந்தது. அங்கே ஒரு இருட்டு தேவைப்பட்டுக்கொண்டே இருந்தது, அது தானாக வந்து நின்றது. வைத்தேன். அதன் பக்கத்தில் நிமிர்ந்து ஒன்று. வைத்தேன். அது மறைந்து மறுபடி வந்தது. கொஞ்சம் இடம் மாறி வந்தது, இன்னொன்று வைத்தேன். பிறகு அது இல்லை. படுக்கையானது மட்டும் இருந்தது. காற்று என் முதுகிலிருந்து தண்ணீரைப் பார்த்து வீசிக்கொண்டிருந்தது. சத்தம் எதுவும் வரவில்லை. இதை எத்தனை முறை எனக்கே சொல்லியிருக்கிறேன், காற்று அந்தப் பக்கமாக வீசியது, சத்தம் வரவில்லை. காற்று வீசியது உண்மைதான். நான் ஒன்றும் பொய் சொல்லவில்லை.

கீரை முடிந்தது. காம்புகளைக் குப்பையில் போட்டுக் கை கழுவினேன், மணி பத்து நாற்பது. அரிசியைக் களைந்தேன். களைந்த தண்ணீர் வெள்ளையாகச் சுழன்று தொட்டியில் போகிறது. தண்ணீரைப் பார்த்தால் எனக்கு ஒன்றும் ஆவதில்லை, அதையும் சொல்ல வேண்டும். கனவு வருவதில்லை. மழை பார்க்கிறேன், கடற்கரைக்குப் போகிறேன், பேத்தியை நீச்சல் குளத்துக்குக் கூட்டிப்போயிருக்கிறேன். படத்தைத் தினமும் கூடத்தில் பார்த்துக்கொண்டுதான் சாப்பிட்டேன். இப்படிப்பட்டவர்கள் கஷ்டப்படுவார்கள் என்றுதான் கதைகளில் வரும். நான் அவ்வளவாகக் கஷ்டப்படவில்லை. அதுதான் பல நாள் பயமாக இருந்தது. குக்கரை மூடினேன்.

அன்று இரண்டு பெண்கள் ஓடியதைத்தான் முதலில் கவனித்தேன். கரையோரம் இடுப்பளவு தண்ணீரில் கையால் இறால் தடவிப் பிடித்துக்கொண்டிருந்தவர்கள், கூடையை விட்டுவிட்டு, கையை வீசிக்கொண்டு கத்தியபடி ஓடினார்கள். எங்கிருந்தோ ஒரு இயந்திரப் படகு போனது. நான் எழுந்து நின்றேன், தூரிகை கையிலேயே இருந்தது. அரை மணி கழித்து ஒரு ஆளைக் கொண்டுவந்து மணலில் உட்கார வைத்தார்கள். இருபத்தெட்டு, முப்பது வயது இருக்கும். வேட்டியைப் போர்த்தியிருந்தார்கள், பல் கிட்டித்துக்கொண்டிருந்தது. பெயர் தேசப்பன் என்று பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள். அக்கரையில் மைத்துனன் பிள்ளைக்குக் காது குத்து, புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருமாகச் சின்னப் படகில் போனார்கள், முகத்துவாரத்து இழுப்பில் படகு புரண்டது, அவன் கிடைத்துவிட்டான், அவள் இன்னும் கிடைக்கவில்லை, அஞ்சலாட்சி என்று பெயர். எனக்குச் செய்ய வேறொன்றும் தோன்றவில்லை. பிளாஸ்கில் டீ மிச்சம் இருந்தது. மூடியில் ஊற்றிக் கொண்டுபோய் நீட்டினேன். அவர் டீயைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார், எனக்குப் பின்னால் இருந்த குடையைப் பார்த்தார். "குடைக்கார அம்மா நீங்கதானா?" என்றார். ஆமாம் என்றேன். "என்னையத்தானம்மா பாத்துக்கினு இருந்தீங்க. தலையத் தூக்கித் தூக்கிப் பாத்தீங்களே. நீங்க பாத்துட்டீங்க, ஆளு அனுப்பிடுவீங்கன்னுதான் நான் கத்தறத நிறுத்தினேன். மூச்சு வேஸ்ட் பண்ணக்கூடாதுன்னு." கோபமாகச் சொல்லவில்லை. கணக்கு எங்கே தப்பியது என்று கேட்பவர்போலச் சொன்னார். நான் ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்று இந்த இருபத்தெட்டு வருடத்தில் ஞாபகம் வரவே இல்லை. 'இல்லப்பா, நான் படம்' என்று ஆரம்பித்தேன் என்று நினைக்கிறேன். டீயை வேறு யாரோ வாங்கி அவருக்குக் கொடுத்தார்கள்.

பிற்பகல் மூன்று மணிக்கு மணல்திட்டுப் பக்கம் அந்தப் பெண் கிடைத்ததாகச் சொன்னார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை, பஸ் ஸ்டாப்பில் நின்றேன். எண்ணெய் வண்ணம் காயவே இல்லை. பஸ்ஸில் கூட்டம். ஈரக் கேன்வாஸை யார்மேலும் படாமல் நெஞ்சுக்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றேன், கை கடுத்தது. அப்படியும் ஒரு பெண்ணின் பையில் நீலம் பட்டுவிட்டது. "என்னம்மா இது, பார்த்து வரக்கூடாதா?" என்றாள். மன்னிப்புக் கேட்டேன், கைக்குட்டையால் துடைத்துவிட்டேன், பொன்னேரிவரை அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். அந்தப் பையை, அந்த நீலக் கறையை. மனசு எவ்வளவு சாமர்த்தியமானது. வீட்டுக்கு வந்ததும் ஜெயசீலனிடம் முழுக்கச் சொன்னேன். கேட்டு முடித்ததும் "நீ வேணும்னு பண்ணலையே, சுகி" என்றார். பிறகு படத்தைச் சுவரோடு சாய்த்து வைத்துவிட்டு வெகுநேரம் பார்த்தார். "ஆனா இது ரொம்ப நல்லா இருக்கு" என்றார். இரண்டும் உண்மைதான். இரண்டையும் ஒரே நாளில் அவர் சொல்லியிருக்க வேண்டாம். போட்டிக்கு அனுப்பியது அவர்தான், 'அமைதி' என்று பெயர் எழுதியதும் அவர்தான். நான் தடுக்கவில்லை. பரிசு கிடைத்தபோது பேப்பரில் படம் வந்தது. அதைப் பழவேற்காட்டில் யாராவது பார்த்தால் என்று ஒரு மாதம் பயந்தேன். கறுப்பு வெள்ளையில் அச்சடித்திருந்தார்கள், ஒன்றும் தெரியவில்லை, பழைய துணிபோல இருந்தது. பயம் போனது. ஜெயசீலன் போய் ஆறு வருடம் ஆகிறது. அதன் பிறகு இது தெரிந்த ஆள் நான் ஒருத்திதான். நானும் அவரும். தேசப்பனைச் சொல்கிறேன்.

குக்கர் விசில். பதினொன்று ஐந்து. ரெஹானாவுக்கு உண்மையை எழுதி அனுப்பலாம். எழுதிப் பார்த்தேன், செவ்வாய்க்கிழமை எழுதினேன், அழித்தேன். ஏன் அழித்தேன்? வெட்கம் என்று முதலில் நினைத்தேன். அது மட்டும் இல்லை. எழுதினால் படம் இன்னும் பெரிய படமாகிவிடும். பின்னால் ஒரு சாவு இருக்கிறது என்றால் கூட்டம் முன்னால் வந்து நிற்கும். எந்தக் கீற்று அவன், எந்தக் கீற்று அவள் என்று விரலை நீட்டுவார்கள். பேட்டிக்கு வருவார்கள், எவ்வளவு பாரத்தைச் சுமந்திருக்கிறீர்கள் என்று என்னிடம் கேட்பார்கள். அவர் பெண்டாட்டி செத்தது என் துக்கமாகிவிடும். எழுதாவிட்டால் மனித நடமாட்டமற்ற. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் மூன்று நாளாகப் போய்ப் போய் வருகிறேன். இதை நான் ஒருத்தியே தீர்மானிக்க வேண்டும் என்று எதனால் நினைத்தேன் என்று இப்போது தோன்றுகிறது. ரொம்பத் தாமதமாகத் தோன்றுகிறது. தேசப்பனின் எண் என்னிடம் இருக்கிறது. இரண்டு வருடம் முன்னால் மாணவர்களோடு அங்கே போயிருந்தேன். படகுத்துறையில் தலை நரைத்த ஒருவர் சுற்றுலா வந்தவர்களைப் படகில் ஏற்றிக்கொண்டிருந்தார். யாரோ "தேசப்பா" என்று கூப்பிட்டார்கள். நான் தூணுக்குப் பின்னால் போய் நின்றேன், அறுபது வயதில். படகின் பக்கவாட்டில் 'பறவை பார்க்க, முகத்துவாரம் போக' என்றும் கீழே கைப்பேசி எண்ணும் எழுதியிருந்தது. எழுதிக்கொண்டேன்.

அந்த எண்ணைக் கூப்பிட்டேன், நான்காவது மணியில் எடுத்தார். பின்னால் இயந்திரச் சத்தம். "சொல்லுங்க, எத்தினி பேரு?" என்றார். படகுக்கு இல்லை என்றேன். "தொண்ணூத்தேழுல, ஜனவரியில, கரையில குடை போட்டு உட்கார்ந்திருந்தேன். படம் வரைஞ்சிட்டு. என் பேரு சுகிர்தா." இயந்திரத்தை நிறுத்தினார். அது நின்ற பிறகு ஒரு காக்கை கத்துவதுகூடக் கேட்டது. "குடைக்கார அம்மா" என்றார். பெயராகவே சொன்னார், எங்கள் வீட்டில் அவர் பெயர் இருந்ததுபோல அவர் வீட்டில் இந்தப் பெயர் இருந்திருக்கிறது. எல்லாவற்றையும் சொன்னேன். இந்த முறை தெளிவாகச் சொன்னேன். உங்களைப் பார்த்தேன், ஆள் என்று தெரியவில்லை, கறுப்பாக ஏதோ என்று நினைத்தேன், அதை அப்படியே படத்தில் வைத்தேன், அந்தப் படத்துக்குப் பரிசு வாங்கினேன், இப்போது கண்காட்சியில் வைக்கப் போகிறார்கள். பக்கத்தில் மாட்ட எழுதித் தரச் சொல்கிறார்கள், உங்கள் வீட்டம்மா பெயரைப் போடலாமா கூடாதா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். "ஆளுன்னு தெரியாதா உங்களுக்கு? கைய ஆட்டினேனே" என்றார். தெரியவில்லை என்றேன். "ம்" என்றார். "எனக்குப் பொறவு கல்யாணம் ஆயிடுச்சும்மா. ரெண்டு பசங்க. நல்லாத்தான் இருக்கோம். ஆனா அன்னிக்குக் கத்தறத நிறுத்தினேன் பாருங்க, அத நெனச்சா மட்டும் இன்னும் தூக்கம் போயிடும். நீங்க பாத்தது நெசமா, இல்ல எனக்கு அப்பிடித் தோணிச்சான்னு. ஊர்ல ஒருத்தரும் நம்பல. தண்ணியில கெடக்கறவனுக்கு எல்லாம் தோணும்னுட்டாங்க." நிஜம்தான் என்றேன், நேராக உங்களைத்தான் பார்த்தேன், மூன்று முறை. அந்தப் பக்கம் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. "அப்ப நான் முட்டாத்தனமா நிறுத்தல" என்றார்.

அப்புறம் கேட்டார், "படத்துல அவ இருக்காளா?" நான் படத்துக்கு எதிரே போய்த் தரையில் உட்கார்ந்தேன், முட்டி வலித்தது. தெரியலை என்றேன். உங்க கை இருக்கு, ரெண்டு இடத்துல, கவிழ்ந்த படகு இருக்கு, அவங்க எதுன்னு எனக்குத் தெரியலை. "அவளுக்கு நீச்சல் தெரியும்மா. பட்டுப்புடவ. விசேஷத்துக்குக் கட்டிக்கினு வந்தா. காத்து அடச்சிக்கினு பலூன் கணக்கா மேல நின்னுச்சு கொஞ்ச நேரம், அப்பறம் கால சுத்திக்கிச்சு." என்ன நிறம் என்று கேட்டேன். கேட்கும்போதே தெரிந்துவிட்டது. "அரக்கு" என்றார். சிவப்புத் துளி என் கண்ணுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. சாயம் காய்ந்து விளிம்பில் சின்ன வெடிப்பு விட்டிருக்கிறது. அங்கே கிடையாது, நான் வைத்தேன் என்று இருபது வருடம் சொல்லிக்கொடுத்தேன். எத்தனை நோட்டில் எழுதியிருப்பார்கள். கை பார்த்திருக்கிறது, கண் பார்த்திருக்கிறது, அது என்ன என்று மட்டும் நான் கேட்டுக்கொள்ளவில்லை. "இருக்காங்க" என்றேன். "சிவப்பா இருக்காங்க. உங்களுக்கு இடது பக்கத்துல." "எடது பக்கந்தான்" என்றார் தேசப்பன்.

செவ்வாய்க்கிழமை எழுதி அழித்ததை மறுபடி எழுதிப் படித்துக் காட்டினேன். பழவேற்காடு முகத்துவாரம், ஜனவரி 1997, காலை ஒன்பது மணி. இதை வரையும்போது எதிரே ஒரு படகு கவிழ்ந்தது. அதில் இருந்த அஞ்சலாட்சி இறந்துபோனார். வரைந்தவருக்கு அது தெரியவில்லை. "தெரியலன்னு போடாதீங்க" என்றார் உடனே. "பாத்துக்கினுதானே இருந்தீங்க? அதப் போடுங்க. தெரியலன்னு போட்டா என்னிய மறுபடியும் பொய்யாக்கின மாதிரி ஆயிடும்." சரி என்றேன். பெயரை 'சி' போட்டு எழுதாதீங்க, 'ட்சி' போடணும் என்றார். அதைச் சரியாகத்தான் எழுதியிருந்தேன். கண்காட்சி எங்கே என்று கேட்டார், எழும்பூர், சனிக்கிழமை திறப்பு என்றேன். பொன்னேரியில் ரயில் ஏறி எங்கே இறங்க வேண்டும் என்று கேட்டார், சொன்னேன். சனிக்கிழமை படகுக்கு ஆள் வரும், செவ்வாய் வருகிறேன் என்றார். வாங்க, நான் வாசலிலேயே இருக்கிறேன் என்றேன். அவர் வைத்தபிறகு ரெஹானாவைக் கூப்பிட்டுச் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளச் சொன்னேன். கடைசி வரி, 'வரைந்தவர் பார்த்துக்கொண்டிருந்தார்.' அவள் தட்டச்சு செய்வது நின்றது. "மேடம்" என்றாள். பிறகு, "தலைப்பு அமைதின்னே இருக்கட்டுமா?" வேண்டாம், முதல் வரியில் இருக்கிற இடமும் நேரமும் போதும் என்றேன். "அர்த்தம்னு எதாவது ஒரு வரி?" அதுக்கு என்கிட்ட ஒண்ணும் இல்லம்மா என்றேன். எனக்குப் பின்னால் குக்கர் எத்தனை விசில் விட்டது என்று தெரியவில்லை. சாதம் குழைந்துவிட்டது.

பன்னிரண்டு பத்துக்கு வேன்காரர்கள் வந்தார்கள், ஐம்பது வயது தாண்டிய இரண்டு பேர், மூன்று மாடி ஏறி மூச்சு வாங்கியது. தண்ணீர் கொடுத்தேன். ஒருவர் குமிழித்தாளை விரித்தார். மற்றவர் படத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, ஒருமுறை இப்படித் திருப்பி, மறுபடி அப்படித் திருப்பினார். "இதுல எந்தப் பக்கம்மா மேல? அம்பு போடணும், தலைகீழா மாட்டிட்டா எங்களத் திட்டுவாங்க." நான் பக்கத்தில் போய் நின்றேன். சின்னதாக நிமிர்ந்திருந்த கறுப்பின்மேல் விரல் வைக்காமல் காட்டினேன். "இது இருக்கு பாருங்க, இது நிமிர்ந்து இருக்கிற பக்கம்." அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிவிட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். இரண்டு விநாடி இருக்கும். "அட, ஆமா. யாரோ கையத் தூக்கிக் கூப்பிடறாங்க" என்று சொல்லிவிட்டு, பேனாவைத் திறந்து பின்பக்கச் சட்டத்தில் மேல்நோக்கி அம்பு போட்டார்.